கட்டடத்தைப் பிடித்த பிறகு

1974 செப்டம்பரில் ஜொகூரில் பல்கலைக்கழகம் என்று ஒன்றுகூடக் கிடையாது. இன்று ஸ்கூடாயில் பரந்து கிடக்கும் யூ.டி.எம்., அப்போது கோலாலம்பூரில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்ற பெயரில் இருந்தது. ஆனாலும் மலேசிய மாணவர் இயக்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கட்டடப் பிடிப்பு, ஜொகூர் பாருவின் ஒரு புறம்போக்குக் குடியிருப்பில்தான் தொடங்கியது. இடத்தின் பெயர் தாசேக் உத்தாரா.

கதை நமக்குப் பழக்கமானதுதான். ஏழைகள் குடிசை போட்டிருந்தார்கள். ஆகஸ்டில் பொதுத்தேர்தல் வந்தது. வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது என்று தங்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டதாக மக்கள் சொன்னார்கள். தேர்தல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் நடுவில் வீடுகள் இடிக்கப்பட்டன. அரசு அலுவலகத்தின் முன்னால் போய்க் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கச் செயலாளர் ஹிஷாமுடின் ரயிஸும் தோழர்களும் வந்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து சிங்கப்பூர் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர் டான் வா பியோ வந்தார். குடியிருப்பாளர்களோடு சேர்ந்து மாணவர் தலைவர்களும் கைதானார்கள்.

செய்தி பந்தாய் வளாகத்துக்குப் போனதும் செப்டம்பர் 21 அன்று மாணவர் சங்கம் பல்கலைக்கழக நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டதாக அறிவித்தது. கைதானவர்களை விடு என்பதுதான் கோரிக்கை. கட்டடம் மாணவர் வசம் வந்தது. ஆனால் நிலைக்கவில்லை. போலீஸ் வருவதற்கு முன்னால் வேறு மாணவர்கள் வந்தார்கள். மலாய் மொழிச் சங்கத்தைச் சார்ந்தவர்கள் எதிர்த்துத் திரண்டு நிர்வாகத்தை அவர்களிடமிருந்து பறித்தார்கள். மாணவர் சங்கம் முடக்கப்பட்டது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயத்தைத்தான் எழுதுகிறார்கள். ஒன்று அரசியல்: யார் இடதுசாரி, யார் தேசியவாதி, யார் பின்னாளில் மந்திரி. இன்னொன்று வீரம். எனக்கு அந்த நாட்களைப் படிக்கும்போது வேறு கேள்விகள்தான் வருகின்றன. உள்ளே எத்தனை பேர்? எந்த மாடி? வெளியேற எத்தனை வழி? எதிர்த்தரப்பு ஒரு வாசலில் வந்தால் மறுவாசல் திறந்திருந்ததா? தண்ணீர்? கழிப்பறை? ராத்திரி பெண்கள் எங்கே படுத்தார்கள்? படிக்கட்டு ஏற முடியாத ஒருவர் அங்கே இருந்தாரா? இருந்திருந்தால் கலைந்து ஓடும்போது அவரை யார் தூக்கினார்கள்?

கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது கால் மடங்காது. படிப்புக்குப் பணம் சேர்க்க தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வேலைக்குப் போன வருஷம் கிடைத்த பரிசு. பிறகுதான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன், ஊன்றுகோலோடு. அங்கே கட்டண விஷயமாக ஒரு எதிர்ப்புக் கூட்டம். மூன்றாவது மாடி மண்டபம், லிஃப்ட் பழுது. ஏற்பாட்டுக் குழுவிலிருந்து ஒரு தம்பி ஓடி வந்தான். "அண்ணே, நீங்க கீழேயே இருங்க. எங்க பேக்கெல்லாம் பாத்துக்கங்க. மேல என்ன நடக்குதுன்னு வாட்ஸ்அப்ல போடுறோம்." நல்ல பிள்ளை. அக்கறையோடுதான் சொன்னான். பதினேழு பைகளுக்கு நடுவே உட்கார்ந்து மேலே எழுந்த முழக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கோரிக்கைப் பட்டியலில் பழுதான லிஃப்ட் இல்லை. அதைச் சொல்லக்கூடிய ஆள் கீழே பை காத்துக்கொண்டிருந்தான்.

1974ல் இந்த நாட்டில் எந்தக் கட்டடத்துக்கும் சாய்தளம் போட வேண்டும் என்று விதி கிடையாது. பொதுக் கட்டட விதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 34ஏ பிரிவு 1990களில்தான் நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008ல் வந்தது. பொதுக் கட்டடத்துக்குள் போகும் உரிமை, கல்வி பெறும் உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. மீறினால் என்ன தண்டனை என்றுதான் இல்லை. அரசை எதிர்த்து வழக்குப் போடுவதற்கும் அந்தச் சட்டமே தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறது. ஓ.கே.யு. அட்டை பையில் இருக்கும், வாசலில் நான்கு படியும் இருக்கும். அதனால் அன்றைய மாணவர்களை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமில்லை. ஆனால் அவர்கள் கட்டடத்தைப் பிடித்து மூன்று வருஷத்துக்குள், பூமியின் மறுபக்கத்தில், இந்தக் கேள்வி எல்லாவற்றுக்கும் ஒரு கூட்டம் பதில் கண்டுபிடித்தது.

1977 ஏப்ரல் 5. சான் பிரான்சிஸ்கோ. சுகாதாரம், கல்வி, நலத்துறையின் வட்டார அலுவலகம் இருந்த கூட்டரசுக் கட்டடம். அமெரிக்காவில் 1973லேயே ஒரு சட்டம் நிறைவேறியிருந்தது. அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளியை ஒதுக்கக் கூடாது என்றது அதன் 504வது பிரிவு. பல்கலைக்கழகங்களும் அதில் அடக்கம். ஆனால் அமல்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் நான்கு வருஷம் இழுத்தார்கள். ஜூடி ஹியூமன், கிட்டி கோன் முதலியவர்கள் தலைமையில் ஏறக்குறைய 150 பேர் உள்ளே போனார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள். போனவர்கள் மூன்று வாரத்துக்கு மேல் வெளியே வரவில்லை.

எப்படித் தாங்கினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். உள்ளே இருந்த பலருக்கு ராத்திரியில் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு புண்ணாகிவிடும். சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். குளிரில் வைக்க வேண்டிய மருந்து இருந்தது, குளிர்பதனப் பெட்டி இல்லை. ஏர்கான் பெட்டியின் வாயில் ஒரு பெட்டியை டேப் போட்டு ஒட்டி அதையே குளிர்பதனப் பெட்டியாக்கினார்கள். தொலைபேசி இணைப்பைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னலோரம் நின்று கீழே தெருவில் நின்றவர்களோடு சைகை மொழியில் பேசினார்கள். அந்தக் கட்டடத்தின் மிகப் பாதுகாப்பான தகவல் தொடர்பு அவர்கள் கையில் இருந்தது. சூடான சாப்பாட்டை பிளாக் பேந்தர் கட்சிக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்கள் ஏன்? உள்ளே இருந்தவர்களில் பிராட் லோமாக்ஸ் அவர்களுடைய ஆள். நரம்பு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவருக்கு உதவியாக சக் ஜாக்சன் என்ற தோழரும் உள்ளே இருந்தார், மற்றவர்களையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டார்.

அதே நாட்களில் வாஷிங்டன் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களுக்கு உணவு உள்ளே போக விடவில்லை. ஒரு நாளைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான், கலைந்துவிட்டார்கள். கோரிக்கை ஒன்றே, உறுதியும் ஒன்றே. வித்தியாசம் சோறு. சான் பிரான்சிஸ்கோவில் தாக்குப்பிடித்ததால்தான் ஏப்ரல் 28 அன்று அமைச்சர் கையெழுத்துப் போட்டார். 30ஆம் தேதி எல்லோரும் ஒன்றாக வெளியே வந்தார்கள்.

நம் ஊருக்குத் திரும்புவோம். 1974 டிசம்பரில் நிலைமை இன்னும் முற்றியது. ரப்பர் விலை விழுந்து பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் 3 அன்று கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் திடலில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் கூடினார்கள். கண்ணீர்ப் புகை. ஓடியவர்களில் ஒரு பகுதி தேசியப் பள்ளிவாசலுக்குள் தஞ்சம் புகுந்தது, அங்கேயும் புகை வந்தது. 1,100க்கும் மேற்பட்டவர்கள் கைது. சில நாட்களில் போலீஸ் வளாகங்களுக்குள்ளேயே நுழைந்தது. அன்வார் இப்ராஹிமும் பேராசிரியர் சைட் ஹுசின் அலியும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள். சைட் ஹுசின் அலி வெளியே வர 1980 ஆனது. ஹிஷாமுடின் தலைமறைவாகி நாட்டைவிட்டுப் போய் இருபது வருஷம் கழித்துத்தான் திரும்பினார். டான் வா பியோ சிங்கப்பூரில் வேறொரு தொழிற்சங்க வழக்கில் ஓராண்டு சிறை வாங்கினார். தீர்ப்புச் சொன்ன நீதிபதி சின்னத்துரை என்ற தமிழர் என்பதை இங்கே ஒரு ஓரத்தில் குறித்துவைக்கிறேன், வரலாறு யாரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைப்பதில்லை.

'பாதுகாப்பு' என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்குச் சலிப்பு வரும், அதிகாரிகள் பேசும் சொல் அது. கதவைப் பூட்டுகிறவர்களும் பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறார்கள். 2007 நவம்பர் 25 விடியற்காலை பத்துமலையில் என்ன நடந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். கோயில் வளாகத்துக்குள் கூட்டம், வாசல் பூட்டியிருந்தது, உள்ளே தண்ணீர் பீய்ச்சலும் கண்ணீர்ப் புகையும். கதவு உடைந்து விழுந்ததுதான் படமாக எல்லோர் மனத்திலும் நிற்கிறது. 31 பேர் மேல் கொலை முயற்சி வழக்குப் போட்டு, பிறகு அதைக் கைவிட்டார்கள். கூட்டத்தில் வயதானவர்களும் இருந்தார்கள். பூட்டிய வாசலும் புகையும் ஒன்றாகச் சேர்ந்தால் முதலில் விழுகிறவர் யார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

2014 அக்டோபர் 27 அன்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் இதே வாசல் கதை இன்னொரு விதமாக நடந்தது. அன்வார், தான் படித்த வளாகத்தில் பேச வருவதாக இருந்தது. ஃபாமி சைனோல் தலைமையிலான மாணவர் மன்றம் அழைத்திருந்தது. நிர்வாகம் வாசலைப் பூட்டி விளக்கை அணைத்தது. மாணவர்கள் வாசலைத் தள்ளித் திறந்தார்கள், அன்வார் இருட்டில் பேசினார். ஜனநாயக வெற்றி என்று கொண்டாடினோம், சரிதான். ஆனால் விளக்கை அணைப்பதன் பொருள் எல்லோருக்கும் ஒன்றல்ல. காது கேட்பவருக்கு இருட்டில் பேச்சுக் கேட்கும். உதடு பார்த்தும் கை பார்த்தும் புரிந்துகொள்கிறவருக்கு விளக்குப் போனால் மேடையே போய்விடுகிறது. தள்ளித் திறக்கும் வாசலில் ஊன்றுகோல்காரன் எங்கே நிற்பது?

ஆகவே அடுத்த முறை ஒரு கட்டடத்தில் உட்காரப் போகிறவர்களிடம் சில காரியம் கேட்கிறேன். தரைத்தளத்தைப் பிடியுங்கள். மேல் மாடி படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் மின்சாரத்தை நிறுத்தினால் லிஃப்ட் நின்றுவிடும், தீ என்றால் லிஃப்டில் ஏறவே கூடாது. எந்தக் கதவையும் சங்கிலி போட்டுப் பூட்டாதீர்கள், உங்களைக் காப்பாற்றவும் அந்தக் கதவுதான் வேண்டும். மருந்து யாருக்கு எந்த நேரம் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். ராத்திரிக்குக் கைவிளக்கும், கையைப் பார்த்துப் பேசுகிறவர் முகத்தில் வெளிச்சமும். வெளிநாட்டு மாணவருக்குக் கைது என்றால் விசாவும் போகும், அவரைப் படம் எடுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: 2012 அமைதிப் பேரணிச் சட்டம் 21 வயது நிரம்பாதவர் ஏற்பாட்டாளராக இருக்கக் கூடாது என்கிறது. முதலாம் ஆண்டுத் தம்பி ஆர்வத்தில் தன் பெயரை எழுதிக் கொடுப்பதற்குள் யாராவது சொல்லுங்கள். வழக்கறிஞர் எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காதீர்கள், கைபேசியைத்தான் முதலில் பிடுங்குவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஏற முடியாதவரைத் திட்டம் போடும் இடத்திலேயே உட்கார வையுங்கள்.

இதெல்லாம் போராட்டத்தை மழுங்கடிக்கும் என்று ஒரு நண்பர் வாதிட்டார். "போராட்டம்னா ஆபத்து இருக்கத்தான் செய்யும், பிக்னிக்கா போறோம்?" அதே வாஷிங்டன் நகரின் கலாடெட் பல்கலைக்கழகத்தை அவருக்குச் சொன்னேன். காது கேளாதோருக்கான பல்கலைக்கழகம். 1988 மார்ச்சில் காது கேட்கிற ஒருவரையே மறுபடி தலைவராக நியமித்தபோது மாணவர்கள் வளாகத்தை மூடினார்கள். வாசலில் வண்டிகளை நிறுத்தி டயர்க் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். நிர்வாகக் குழுத் தலைவர் மண்டபத்தில் விளக்கம் சொல்ல எழுந்தபோது தீ அபாய மணி அலறியது. இந்தச் சத்தத்தில் எப்படிப் பேசுவது என்று அவர் கேட்க, மாணவர்கள் என்ன சத்தம் என்று கையால் கேட்டார்கள். அந்தக் கூடத்தில் சத்தத்தால் தடைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

அந்த மாணவர்களுக்கு நான்கு கோரிக்கைகள் இருந்தன. காது கேளாதவர் ஒருவர் தலைவராக வேண்டும். நிர்வாகக் குழுத் தலைவர் விலக வேண்டும். அந்தக் குழுவில் காது கேளாதோர் 51 விழுக்காடு இருக்க வேண்டும். நான்காவது, போராடிய எவர் மீதும் பழிவாங்கும் நடவடிக்கை கூடாது. ஒரு வாரத்தில் நான்கும் கிடைத்தன, ஐ. கிங் ஜோர்டான் தலைவரானார்.

நான்காவது கோரிக்கையை நம் 1974க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தாசேக் உத்தாராவுக்காகக் கட்டடத்தைப் பிடித்தவர்களுக்கு அப்படி ஒரு வரியை யாரிடமும் வாங்க முடியவில்லை. 1975ல் பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது கல்வி அமைச்சர் மகாதீர். மாணவர் எந்தக் கட்சியிலும் தொழிற்சங்கத்திலும் சேரக் கூடாது, ஆதரவுகூடக் காட்டக் கூடாது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டாலே படிப்பு நிறுத்தப்படும், தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அந்தத் தடையின் ஒரு பகுதி அரசியலமைப்புக்கு முரண் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2011ல்.