கோட்டைகள் இடிந்த பின்: பாளையப் படைகளின் கலைப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடந்து தென்காசி நோக்கிச் செல்லும் சாலையில் ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி என ஊர்கள் தொடர்கின்றன. பாளையம் என்பது படை தங்குமிடத்தைக் குறிக்கும் சொல். இரு நூற்றாண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்தில் படையில்லாத பாளையம் இருந்ததில்லை. இன்று பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. அப்படைகள் எவ்வாறு கலைக்கப்பட்டன, கலைந்த வீரர்கள் என்னவாயினர் என்பன நாம் சிந்திக்க வேண்டிய வினாக்களாகும்.

பாளையத்து வீரன் மாதச் சம்பளம் பெற்ற சிப்பாய் அல்லன். போர்ப்பணிக்கு ஈடாக விடப்பட்ட நிலமும், ஊர்க்காவலுக்கு ஈடாகக் கிடைத்த தானியமுமே அவனுடைய வாழ்வாதாரம். எனவே அவன் கையிலிருந்த ஈட்டியைப் பறிப்பது, அவன் வீட்டு அடுப்பையும் அணைப்பதாக முடியும்.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன், பாளையக்காரர்கள் தத்தம் கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டுமென ஆணையிட்டார். கும்பினியை எதிர்த்தவர்கள் மட்டுமல்லர், எதிர்க்காதவர்களும் இதற்கு உட்பட்டனர். அத்துடன் அமைதி நிலைத்துவிட்டதாகவே ஆட்சியாளர் கருதினர். ஆனால் 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியதும், கலைக்கப்பட்ட வீரர்கள் அவரிடம் திரண்டனர். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மீண்டும் எழுந்தது. மே மாத இறுதியில்தான் கும்பினிப் படை அதனைக் கைப்பற்ற முடிந்தது.

அக்டோபரில் மருது சகோதரர்களும் நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டனர். 73 பேர் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1801 டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் ஆயுதப் பயன்பாட்டைத் தடை செய்தது. பொதுமன்னிப்பையும் நிலையான நிலவரியையும் வாக்களித்தது. 1803இல் ஜமீன் முறை வந்தது. சேத்தூரும் சிவகிரியும் ஜமீன்களாயின. தலைவர்களுக்கு இவ்வாறு ஒரு வழி பிறந்தது; அவர்களை நம்பியிருந்த படைவீரர்களுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.

வேறு பிழைப்பு இல்லாதோரில் ஒரு பகுதியினர் தம்மை வென்ற கும்பினியின் படையிலேயே சேர்ந்தனர். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த புரட்சியில் முன்னின்ற 23ஆம் ரெஜிமெண்டின் பட்டாளம் திருநெல்வேலிச் சீமையில் திரட்டப்பட்டதே. புரட்சிக்கு உடனடிக் காரணமான புதிய தலைப்பாகையை வகுத்தவர் கர்னல் அக்னியூ. 1801இல் தென்பாளையங்களை அடக்கிய படைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. மத அடையாளங்களில் கைவைத்த அவ்வாணை, இந்துச் சிப்பாயையும் முஸ்லிம் சிப்பாயையும் ஒருங்கே நிற்கச் செய்தது. கோட்டையில் திப்பு சுல்தானின் கொடி ஏறியது. புரட்சி அன்றே ஒடுக்கப்பட்டது. கும்பினி மீண்டும் செய்தது என்ன? அப்பட்டாளங்களைக் கலைத்ததுதான்!

காவல் தொழிலை இழந்தோரின் கதை இன்னும் துயரமானது. ஒரு காலத்தில் ஊரைக் காத்த சமூகங்களிற் சில, 1911க்குப் பின் சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. 1947 வரை அச்சட்டம் நீடித்தது.

இது பழங்கதை மட்டுமன்று. 2003 மே 23 அன்று ஈராக்கில் அமெரிக்க ஆட்சியாளர் பால் பிரெமர் ஓர் ஆணையால் அந்நாட்டு இராணுவத்தைக் கலைத்தார். இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் வேலையற்றோராயினர். அவர்களிற் பலர் பின்னர் ஆயுதக் குழுக்களில் இணைந்ததை உலகம் கண்டது.

இதே வட்டாரத்தில் வேறொரு பாதையும் உண்டு. விஜயநகரப் படைமரபைச் சேர்ந்த ராஜபாளையத்து ராஜுக்கள் வேளாண்மைக்கும் வணிகத்திற்கும் மாறினர். 1936இல் அங்கே ராஜபாளையம் மில்ஸ் உருவாயிற்று. நிலமும் முதலும் கிட்டியவர்களுக்கு வாளை விட்டு வாழ வழியிருந்தது. கோட்டைச் சுவரை இடிக்கச் சில நாட்கள் போதும். ஆயுதத்தை வாங்கிய கை, அதற்கு ஈடாக ஏர் ஒன்றைத் தந்ததா என்பதைக் கொண்டே வென்றவரின் நீதியை நாம் அளவிட வேண்டும்.