கடலுக்கு முதுகு காட்டி ஐந்து நிமிடம்



ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். "சார், கூட வேலை செய்யிற பீகார் பசங்க நாலு பேர் மெட்ராஸ் பாக்கணும்ங்கிறாங்க. மெரினாவுல கடலையும் சுண்டலையும் தவிர என்ன காட்டுறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் போய் மின்சார ரயில் ஏறுங்கள். பறக்கும் ரயிலுக்கு மாறிச் சேப்பாக்கத்தில் இறங்கினால் கடற்கரைச் சாலை நடக்கும் தூரம்தான். அங்கே ஐந்து நிமிடம் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

வலது பக்கம், வாலாஜா சாலை முனையில், குவிமாடங்களோடு நிற்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879இல் முடிந்தது. அதை அடுத்து, 1768இல் எழுந்த ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை. இடது பக்கம் மாநிலக் கல்லூரி. அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே.சா. இன்று சிலையாகக் கடலைப் பார்த்து நிற்கிறார். இன்னும் தெற்கே நடந்தால், பெண்களுக்காக 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி.

இந்தக் கட்டடங்கள் எழுந்தபோது கடல் இன்னும் கிட்டே இருந்தது. வடக்கே துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் சுவர் போட்ட பிறகுதான் இந்தப் பக்கம் மணல் சேர்ந்து கரை அகன்றது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து 'மெரினா' என்று பெயர் வைத்தார்.

பல்கலைக்கழகம் பிறந்தது 1857 செப்டம்பர் 5. ஆம், நீங்கள் ஆசிரியர் தினம் கொண்டாடும் அதே தேதி. டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தது 31 ஆண்டுகள் கழித்து. அவரும் இதே மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தியவர்தான். லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்ததால், தொடக்கத்தில் இங்கே பாடம் கிடையாது. கல்லூரிகள் பாடம் நடத்தும், இவர்கள் தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பார்கள்.

அந்தத் தேர்வில் தவறியவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். கணக்கையே பிடித்துக்கொண்டு மற்ற பாடங்களை விட்டதால் எஃப்.ஏ. தேறவில்லை. 1912இல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். மறு ஆண்டே, பட்டம் இல்லாத அவருக்கு இதே பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914இல் அதன் உதவியோடு கேம்பிரிட்ஜ் போனார். 1918இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. தேறாதவன் என்று எழுதிய இடமே அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்து மனம் மாறியது. வந்தவர்களுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒன்று உறுத்தியது. போன் செய்த இந்த மாணவனிடம்தான் ஒரு நாள், வகுப்பில் எல்லார் முன்னாலும், "உனக்குப் படிப்பு ஏறாதுடா" என்று சொன்னேன். அவன் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ராமானுஜனுக்குக் கிடைத்த இரண்டாவது பார்வையை நான் அவனுக்குத் தரவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "விடுங்க சார். ஞாயித்துக்கிழமை பையனையும் கூட்டிட்டுப் போறேன், அவனும் கணக்குல மட்டும்தான் பாஸு" என்று சிரித்தான்.

அங்கேயே தொலைதூரக் கல்வி நிறுவனமும் 1981 முதல் இருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்கும் அந்த வாசல் உண்டு. இதைப் படிக்கிற உங்களில் யாரிடமாவது நான் அப்படிச் சொல்லியிருந்தால், மன்னித்து, ஒருமுறை அங்கே போய் விசாரித்துப் பாருங்கள்.