கரைக்குக் கரை விலை

பள்ளிபாளையத்திலிருந்து ஈரோட்டிற்குக் காவிரிப் பாலத்தின் மேல் நடந்து செல்லச் சில நிமிடங்கள் போதும். இக்கரையில் விற்கும் துணியும் எண்ணெயும் ஏறத்தாழ அதே விலைக்கு அக்கரையிலும் விற்கின்றன. இதில் வியப்பென்ன என்று நாம் கேட்கலாம். ஆனால் 1792 முதல் 1799 வரை நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. அந்த ஏழாண்டுகளிலும் இந்தப் பகுதியில் பெரும்பாலும் காவிரியே இரண்டு நாடுகளுக்கு எல்லையாக ஓடியது. மேற்கே திப்பு சுல்தானின் மைசூர் ஆட்சி. கிழக்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் புதிய ஆட்சி. ஒரே மொழி பேசி, ஒரே தானியத்தை விளைவித்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த மக்கள் ஒருநாள் விழித்தெழுந்தபோது அயல்நாட்டாராகியிருந்தனர்.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில், சீரங்கப்பட்டண உடன்படிக்கை ஏற்பட்டது. சுல்தான் தம் நாட்டில் ஏறக்குறைய பாதியை விட்டுக்கொடுத்ததோடு மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயும் தர வேண்டியதாயிற்று. இரண்டு புதல்வர்களைப் பிணையாக அனுப்பிய துயரக் காட்சியை நாமெல்லாம் படித்திருக்கிறோம். பாரமகாலும், சேலம், நாமக்கல், சங்ககிரி முதலிய தாழ்நிலப் பகுதிகளும் கம்பெனியின் பங்காயின. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அவற்றை நிர்வகிக்க வந்தார். பிற்காலத்தில் சென்னைக் கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோ அப்போது அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய இளைஞர். கோயமுத்தூர்ச் சீமையோ 1799 இல் சுல்தான் ஷஹீதாகும் வரை மைசூரிடமே இருந்தது.

அண்டை நாடுகளில் ஒரே பண்டத்தின் விலை வேறுபடுவதற்குத் தூரமே காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆற்றின் இரு கரைகளுக்கிடையே என்ன தூரம் இருக்க முடியும்? பரிசல்காரன் பெறும் கூலி ஒரு பொதி தானியத்தின் விலையை எவ்வளவு உயர்த்திவிடும்? விலையை மாற்றுபவை வேறு.

அவற்றுள் முதலாவது, சுங்கம். அக்காலத்தில் நாட்டெல்லையில் மட்டுமின்றி, வழிநெடுகச் சாவடிகள் இருந்தன. பொதிமாடுகள் ஒவ்வொரு சாவடியிலும் நின்று, ஒவ்வோர் இடத்திலும் செலுத்திவிட்டே நகர்ந்தன. இரண்டாவது, நாணயம். வராகனிலும் பணத்திலும் பலவகை. ஒன்றுக்கு மற்றொன்று என்ன பெறும் என்பது ஊருக்கு ஊர் மாறியது. மாற்றிக் கொடுக்கும் சராபு தம் வட்டத்தை எடுத்துக்கொள்ளாமல் விடுவாரா? படியும் வள்ளமும்கூட ஒரே பெயரில் வெவ்வேறு அளவாக இருந்தன. ஆகவே விலையை ஒப்பிடுவதே பெரும்பாடு.

மூன்றாவது, அரசின் ஆணை. மிளகு, சந்தனம், ஏலம் ஆகியவற்றின் வாணிகத்தைத் திப்பு சுல்தான் அரசின் கையில் எடுத்துக்கொண்டார். பகையரசுகளின் நாடுகளோடு தம் வணிகர் கொள்முதல் செய்வதையும் தடுத்தார். 1800 இல் இந்நாடுகளில் பயணம் செய்த டாக்டர் பிரான்சிஸ் புக்கானன், பெங்களூரின் வாணிகம் இத்தடையால் நலிந்ததையும், போருக்குப் பின் மீண்டும் தளிர்த்ததையும் பதிந்திருக்கிறார். வென்றவர்களின் பக்கம் நின்று எழுதியவர் என்பதை மறவாமல் அவரைப் படிக்க வேண்டும். என்றாலும் செய்தியைத் தள்ளிவிட முடியாது. தம்மை நெருக்கிக்கொண்டிருந்த கம்பெனியைப் பொருளாதாரத்தால் தாக்க முயன்ற ஓர் அரசரின் நியாயம் நமக்கு விளங்குகிறது. ஆயினும் தடையின் சுமை கம்பெனியைக் காட்டிலும் சந்தையில் கால்படி வாங்க நின்றவன் மீதே அதிகம் விழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த உண்மைகள் நம் முன்னோர் அறியாதவை அல்ல. மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் வேண்ட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. எவருக்கும் அநீதி இழைத்தவராகத் தாம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தில் மறுமொழி தந்தார்கள். ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் காலத்தில், அயல்நாடுகளுக்குச் செல்லும் முஸ்லிம் வணிகரிடம் அங்கே பத்தில் ஒரு பங்கு வாங்கப்படுகிறது என்று அபூ மூஸா அல் அஷ்அரி (ரலி) எழுதினார்கள். அவர்கள் வாங்குவது போலவே நாமும் வாங்குக என்பது கலீஃபாவின் ஆணை. இன்று நாடுகள் ஒன்றுக்கொன்று பதில்தீர்வை விதிப்பதைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கடிதமே எனக்கு நினைவுக்கு வருகிறது.

அதே உமர் (ரலி) அவர்கள், மதீனாவுக்குக் கோதுமையும் எண்ணெயும் கொண்டுவந்த நபத்தியரிடம் மட்டும் பத்தில் ஒன்றைப் பாதியாக்கி, இருபதில் ஒன்றே வாங்கச் செய்தார்கள். அவ்விரு சரக்குகளும் நகரில் பெருக வேண்டும் என்பதே நோக்கம். பருப்பு வகைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. முழுப் பத்தில் ஒன்றுதான். ஏழையின் அடுப்பை நோக்கி விதித்த வரி எனலாம்.

அல்லாமா இப்னு கல்தூன் 1377 இல் எழுதி முடித்த ‘முகத்திமா’வில் விலைகளுக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். பெருநகரில் தானியம் மலிவாகவும் ஆடம்பரப் பொருள் அரிதாகவும் இருப்பதேன், சிற்றூரில் அது தலைகீழாவதேன் என்று ஆராய்ந்தார். சந்தையிலும் நகர வாயிலிலும் அரசு பெறும் தீர்வைகள் விலைக்குள் புகுந்து அமர்ந்துவிடுகின்றன என்றார். அந்தலூஸில் உணவு விலை மிகுதி. கடலுக்கு அப்பால் பெர்பர் நாடுகளில் குறைவு. அந்தலூஸ் முஸ்லிம்கள் வளங்குன்றிய நிலத்திற்குத் தள்ளப்பட்டு, எருவுக்கும் உழைப்புக்கும் செலவிட்டே விளைவிக்க வேண்டியிருந்ததுதான் காரணம் என அவர் கண்டார். இழந்த வயல்களின் கணக்கு அங்காடியில் தெரிந்தது.

சேலத்திற்குத் திரும்புவோம். 1799 க்குப் பிறகு காவிரியின் இரு கரைகளும் ஒரே ஆட்சியின் கீழ் வந்தன. அரசெல்லை போயிற்று, சாவடிகள் போகவில்லை. சென்னை மாகாணத்தில் உள்நாட்டுப் போக்குவரத்துச் சுங்கங்கள் ஒழிந்தது 1844 இல்தான். வணிகர் மகிழ்ந்தனர். ஆனால் இழந்த வருவாயை ஈடுகட்ட அரசு கைவைத்தது எதன் மேல் தெரியுமா? உப்பின் மேல்! தன் ஏகபோகத்தில் இருந்த உப்பின் விலையை அது உயர்த்தியது. கடற்கரையிலிருந்து வண்டிகட்டி உப்புக் கொணர வேண்டிய சேலம், நாமக்கல் உழவனுக்கு, சாவடியில் நின்ற வரி இப்போது கஞ்சிக் கலயத்தில் வந்து நின்றது.

இதைப் போன்ற இன்னொரு மாற்றம் இதே மண்ணில் நிகழ்ந்தது. பின்னர் இந்தியா முழுவதையும் தொட்டது. 1937 இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியான இராஜாஜி, முன்பு சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். மதுவிலக்கை முதலில் எங்கே தொடங்குவது என்ற கேள்விக்குத் தம் சேலம் மாவட்டத்தையே விடையாக்கினார். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் உள்ளடக்கியது. 1937 அக்டோபர் 1 அன்று அங்கே கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. மதுவை ஹராமாகக் கொண்ட நம் சமுதாயம் இதை மனமார வரவேற்கக் கடமைப்பட்டது. ஆயினும் மைசூர் சமஸ்தானத்திலும், காவிரிக்கு அப்பால் கோயமுத்தூர் மாவட்டத்திலும் கடைகள் திறந்தே இருந்தன. அழிந்துபோன பழைய எல்லை, கள்ளுக்கு மட்டும் மீண்டும் உயிர் பெற்றது.

கள்ளும் சாராயமும் ஈட்டித் தந்த வருவாய் மாகாண வரவில் பெரும்பகுதி. மதுவிலக்கு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியபோது கஜானாவில் பள்ளம் பெரிதாயிற்று. அதை நிரப்ப 1939 இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் அத்தகைய பொது வரி அதுவே முதல். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது. பிற மாகாணங்களும் ஒவ்வொன்றாக இவ்வழியைப் பின்பற்றின. ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி விகிதம் வைக்க, ஒரே சோப்பு, ஒரே டயர், எல்லைக்கு எல்லை ஒரு விலையாயிற்று. மதுவிலக்கோ தமிழகத்தில் 1971 இல் தளர்ந்தது. 2003 இல் அரசே சில்லறை மதுக்கடை நடத்தத் தொடங்கியது. எதை இழந்ததற்கு ஈடாக வரி வந்ததோ அதுவும் திரும்பிவிட்டது; ஈடும் போகவில்லை!

2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்து, மாநில எல்லைகளின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஆனால் பெட்ரோல், டீசல், மது ஆகியவை அவ்வரிக்கு வெளியே நிறுத்தப்பட்டன. நாமக்கல்லைச் சுற்றியுள்ள லாரிக்காரர்களுக்கு இதன் பொருள் மனப்பாடம். ஓசூர் வழியாக வடக்கே போகும் ஓட்டுநர் அத்திப்பள்ளியைத் தாண்டும்வரை பொறுத்து டீசல் போடுகிறார். ஆந்திரத்துக்குப் போகிறவர் எல்லைக்கு இப்பாலேயே தொட்டியை நிரப்பிக்கொள்கிறார். சில கல் தொலைவில் அதே எண்ணெய், வேறு விலை.

கடல் எல்லைக்கு அப்பால் செல்லும் நாமக்கல் பொருள் ஒன்று உண்டு, அது முட்டை. 2022 இல் இலங்கையின் அந்நியச் செலாவணி வற்றி, அதன் ரூபாய் வீழ்ந்தது. கோழித் தீவனத்துக்கு வேண்டிய சோளத்தை இறக்குமதி செய்ய இயலவில்லை. பண்ணைகள் பல மூடிக் கிடந்தன. கொழும்பில் முட்டை எளியவர் கைக்கு எட்டாமல் போயிற்று. நாமக்கல்லுக்கும் கொழும்புக்கும் உள்ள தூரம் ஓர் அங்குலமும் மாறவில்லை. நாணயமும் தீவனமும் உரிமமுமே மாறின. வழக்கமாக அயல்நாட்டு முட்டைக்கு இடம் தராத அந்நாட்டு அரசு, 2023 இல் இறக்குமதித் தீர்வையைக் குறைத்து, இந்திய முட்டைகளைத் தருவித்தது. அவை முதலில் ரொட்டிக்கடைகளுக்கும் உணவகங்களுக்கும் மட்டுமே வழங்கப்பட்டன. வீட்டு அடுப்புக்கு வந்து சேர மேலும் சில மாதங்கள் ஆயின.