புடவை கட்டின ஹீரோக்கள்: நம்ம ஊர் மேடையில் டிராக்

டிராக், பங்க், ஹிப்-ஹாப் மூணையும் ஒரே மேடையில் கலக்குற குயர் கலைஞர்களோட ஷோ ஒண்ணு வீடியோவில் பார்த்தேன். எனக்கு உடனே ஞாபகம் வந்தது, ஓட்டப்பிடாரத்துல கோயில் கொடைக்கு விடிய விடிய நடக்குற வள்ளி திருமணம் நாடகம்!

ஏன்னு சொல்றேன். இந்த மேடைக்கு அஸ்திவாரம் போட்ட சங்கரதாஸ் சுவாமிகள் நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர். வ.உ.சி.யை விட அஞ்சு வயசு மூத்தவர். 1918-ல் மதுரையில் அவர் நடத்தின பால சபையில் நடிகர்கள் எல்லாம் சின்னப் பசங்க. பெண் வேஷமும் அவங்கதான். அதுக்குப் பேரு ஸ்திரீபார்ட். அங்க வளர்ந்த டி.கே.சண்முகம், பிற்காலத்துல ஔவையாராவே நடிச்சு ‘ஔவை சண்முகம்’ ஆனார். சிவாஜியும் சின்ன வயசுல சீதையா மேடையேறினவர்தான். இன்னொரு பக்கம், 1935-ல் கே.பி.சுந்தராம்பாள் சினிமாவில் நந்தனாரா நடிச்சாங்க. சம்பளம் ஒரு லட்சம்!

சரி, ஹிப்-ஹாப் எங்க? ஸ்பெஷல் நாடகத்துல நடிகர்களைத் தனித்தனியா புக் பண்ணுவாங்க. சேர்ந்து ஒத்திகை பார்க்குறது கிடையாது. மேடையிலேயே தர்க்கம், பாட்டுக்கு எதிர்ப்பாட்டு. அப்படியே ராப் பேட்டில். பங்க்? விஸ்வநாத தாஸ் புராண வேஷத்துலயே விடுதலைப் பாட்டு பாடி, திரும்பத் திரும்பக் கைதானவர்.

ஆனா ஒரு நிமிஷம். இதை அப்படியே குயர் வரலாறுன்னு கொண்டாடிட முடியாது. வேஷத்தைக் கலைச்சுட்டு ஆம்பளையா வீட்டுக்குப் போறவருக்குத்தான் அந்தக் கைதட்டல். பெண்ணாவே வாழ்ந்தவங்களுக்கு? 1871 குற்றப் பழங்குடிகள் சட்டப்படி, வட இந்தியாவில் பதிவேட்டில் ஏத்தின ஹிஜ்ராக்கள் பெண் உடையில் தெருவுக்கு வந்தாலே கைது. பொது இடத்துல ஆடினாலும் அதே கதி. ரெண்டு வருஷம் வரை ஜெயில்.

ஒரே புடவைதான். ஒருத்தருக்குப் பட்டம், இன்னொருத்தருக்கு ஜெயில்.

இந்தக் கணக்கை மாத்தினவங்களும் தமிழ்நாட்டுல இருக்காங்க. லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் சேர்ந்து சென்னையில் தொடங்கின பன்மை நாடகக் குழு, ‘கலர் ஆஃப் டிரான்ஸ் 2.0’ நாடகத்துல தங்களோட சொந்த வாழ்க்கையையே மேடையேத்தினாங்க. அங்க கலைக்க வேஷம்னு எதுவும் இல்லை.

அடுத்த கொடைக்கு ஊருக்குப் போனா நாடகம் பாருங்க. மேடையில் ஸ்திரீபார்ட்டுக்கு விசில் அடிக்கிற அதே ஊர், மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுல ஒரு திருநங்கையை எப்படிப் பார்க்குதுன்னும் கவனிங்க.