கூரைமேல் ஏறிய கதிரவன்

கதிரொளியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. 1839ஆம் ஆண்டிலேயே எட்மண்ட் பெக்குரல் என்னும் பத்தொன்பது வயதுப் பிரெஞ்சு இளைஞர், கரைசலில் அமிழ்த்திய தகடுகளின்மீது ஒளி படும்போது மின்னோட்டம் பிறப்பதைக் கண்டார். 1883இல் அமெரிக்கரான சார்லஸ் ஃபிரிட்ஸ், செலினியத்தின்மேல் மெல்லிய பொற்படலம் பரப்பி ஒரு கலம் செய்தார். அதில் விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கே மின்சாரமாயிற்று.

நேயர்களே, இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்வது அடுத்த திருப்பந்தான். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் தொலைபேசிக்கு வைத்த உலர் மின்கலங்கள் விரைவிற் கெட்டமையால், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் மாற்றுவழி தேடினர். நம்முடையதைப் போன்ற தட்பவெப்பமே இதற்கு வித்திட்டது என்று சொல்லலாம்! அப்பணியை ஏற்ற டேரில் சேப்பின் செலினியத்தோடு போராடிக்கொண்டிருந்தபோது, சிலிக்கனை நாடுமாறு சொன்னவர் ஜெரால்டு பியர்சன். சிலிக்கனில் வேற்றுப்பொருளை நுண்ணளவிற் புகுத்தும் முறையை வகுத்தவர் கால்வின் ஃபுல்லர். 1954 ஏப்ரல் 25ஆம் நாள் மூவரும் உலகுக்குக் காட்டிய கலம் நூற்றுக்கு 6 பங்கு மின்சாரம் தந்தது. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வான்கார்டு துணைக்கோளில் இருந்த சாதாரண மின்கலம் சில வாரங்களில் ஓய்ந்தது. கதிரொளிக் கலங்களோ 1964 வரை செய்தி அனுப்ப உதவின.

ஆயினும் விண்வெளியில் மழையில்லை, உப்புக்காற்றில்லை, காக்கையுமில்லை. பூமியில் நிறுத்தியபோதுதான் பலகைகளின் குறைகள் வெளிப்பட்டன. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975இல் கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் அரசின் சார்பில் பலகைகளைத் தொகுதி தொகுதியாக வாங்கிச் சோதிக்கத் தொடங்கியது. ஒரு தொகுதியிற் கண்ட பழுது, அடுத்த தொகுதிக்கு விதியாயிற்று. தொடக்கத்தில் இராத ஆலங்கட்டிச் சோதனையும் இவ்வாறே சேர்ந்தது. 1993இல் வெளியான ஐஇசி 61215 என்னும் பன்னாட்டுத் தரவிதி இம்மரபில் வந்ததே. சுழியத்துக்குக் கீழ் 40 பாகை முதல் 85 பாகை வரை 200 முறை குளிர்வித்துச் சூடேற்றுதல். 85 பாகை வெப்பத்தில் நூற்றுக்கு 85 ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் வைத்தல். 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டைகளை எறிதல் — இவை அதன் சோதனைகளுட் சில. இவற்றில் தேறியது தொடக்கநிலைப் பழுதுகள் இல்லாதது என்று கொள்ளலாமே ஒழிய, 25 ஆண்டு உழைக்கும் என்று கொள்ளலாகாது. 1980களில் கலிபோர்னியாவின் கரிசா சமவெளியில், ஒளியை மிகுவிக்கக் கண்ணாடிகள் நிறுத்திய பெரிய மின்னிலையத்தில், கலங்களைப் பொதிந்த பிசின் படலம் பழுப்பேறி விளைச்சல் குன்றியது.

என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் மூன்று விலைப்பட்டியல்களோடு வந்தார். மகளின் கல்லூரிச் செலவுக்கென வைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கூரையில் இட எண்ணுகிறார். "ஐயா, இது டயர் ஒன் கம்பெனி என்கிறார்களே?" என்றார். "தம்பி, அப்பட்டியல் வங்கிகள் கடன் தர நம்பும் நிறுவனங்களைக் காட்டுவது, பலகையின் தரத்தை அளந்ததன்று" என்றேன்.

பிறகு பலகையின் விவரத்தாளைப் பிரித்தோம். 540 வாட் என்பது 25 பாகை வெப்பத்தில் அளந்தது. நம் சித்திரை வெயிலில் பலகை 60 பாகையை எளிதிற் தொடும். ஒரு பாகைக்கு நூற்றுக்கு 0.35 பங்கு குறையும் பலகை அப்போது ஏறத்தாழ 66 வாட் இழக்கும், 0.30 குறைவது 57 வாட் இழக்கும். விலை பேசும்போது இந்த எண்ணை எவரும் சொல்வதில்லை. உறுதிமொழியிலும் இருவகை உண்டு. 25 ஆண்டு என்று கொட்டை எழுத்தில் இருப்பது விளைச்சலுக்கானது. பொருளின் பழுதுக்கான உறுதிமொழி பெரும்பாலும் 10 அல்லது 12 ஆண்டே. சிறிய எழுத்தில் இருக்கும். அறுபதைக் கடந்த எனக்கு முன்னதைவிடப் பின்னதில்தான் நாட்டம்!

இந்தியத் தரக்கட்டுப்பாட்டுப் பதிவு 2017இன் ஆணையால் கட்டாயமாயிற்று. 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியம், தொடங்கியபோது 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு இந்தியாவில் செய்த கலங்களும் பலகைகளும் வேண்டும். கடற்கரையூரார் ஐஇசி 61701 என்னும் உப்புப்பனிச் சோதனையையும் கேட்க வேண்டும். பொருத்துவோர் பலகைமேல் ஏறி நடப்பதைத் தடுக்கவும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அதனால் விழும்.

நான் முதன்மையாகக் கேட்கச் சொன்னது வேறொன்று. தொழிற்சாலையில் ஒவ்வொரு பலகையின்மீதும் ஒருகணம் ஒளி பாய்ச்சி அளந்த எண்ணை, அதன் வரிசை எண்ணோடு சேர்த்துக் குறித்திருப்பர். அத்தாளை மூன்று விற்பனையாளரிடமும் மாணவர் கேட்டார். இருவர் அனுப்பினர். மூன்றாமவர் விலையை மேலும் குறைப்பதாகச் சொன்னார்.