அலைப்பலகையின் வால் பிறையானது ஏன்?

பள்ளி விடுமுறை முடிந்து திரும்பிய ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், கடலில் தான் படுத்துச் சறுக்கிய நுரைப்பலகையைப் பற்றி என்னிடம் வினவினான். "ஐயா, அதன் பின்புறத்தைப் பிறைபோல வெட்டியிருக்கிறார்களே, ஏன்?" என்றான். "அழகுக்காக இருக்கும்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அது தவறான விடை என்பதைப் பின்னர் படித்தபோதுதான் உணர்ந்தேன். ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்துகொள்ளத் தக்க வரலாறு அதன் பின்னே இருக்கிறது.

1779ஆம் ஆண்டில் கேப்டன் குக்கின் கப்பற்குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் கிங், ஹவாய்ப் பெருந்தீவின் கியாலகெகுவா விரிகுடாவில், மக்கள் பலகைமீது குப்புறப் படுத்து அலையோடு கரைநோக்கி விரைவதைக் கண்டு வியந்து எழுதினார். படுத்துச் செல்வதற்கேற்ற குட்டை மரப்பலகையை அம்மக்கள் 'பைப்போ' என்றழைத்தனர்.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழிந்தன. 1971 ஜூலையில், அதே தீவின் அதே கோனாக் கடற்கரைப் பகுதியில் டாம் மோரி என்பவர் வாழ்ந்தார். கணிதப் பட்டதாரி, விமான நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். தம்மிடம் எஞ்சியிருந்த ஒன்பதடி நீளப் பாலிஎதிலீன் நுரைத் துண்டை இரண்டாக வெட்டினார். மின்கத்தியால் செதுக்கினார், செய்தித்தாளை மேலே விரித்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து வழவழப்பாக்கினார். அப்பலகையோடு அவர் கடலில் இறங்கியதே இன்றைய பாடிபோர்டின் பிறப்பு. மோதினாலும் மரம்போல் காயப்படுத்தாத மென்மையால், அலைக்கு அஞ்சி நின்ற சிறுவரும் கடலுக்குள் வந்தனர்.

பின்வந்தோர் நீரோட்டத்தை உற்றுநோக்கி வடிவத்தைத் திருத்தினர். செங்குத்தான அலையில் இறங்கும்போது பலகையின் மூக்கு நீருக்குள் குத்திவிடாதிருக்க, முன்பகுதியைச் சற்றே மேல்நோக்கி வளைத்தனர். வளைவு மிகுந்தால் வேகம் குறையும். குறைந்தால் மூக்கு புதையும். இரண்டுக்கும் நடுவே அளவறிந்து நிறுத்துவதே கலை. பிறைவால் விடும் இரு முனைகளும் அலையின் சரிவைப் பற்றிக்கொள்வதால், பலகை பக்கவாட்டில் வழுக்குவதில்லை. வௌவால் சிறகு போன்ற வாலோ பிடியைத் தளர்த்தி, திரும்புவதை எளிதாக்கும். அடிப்புறத்தில் ஓடும் நீள்பள்ளங்கள் நீரை நேர்வழியில் செலுத்தும்.

உள்ளிருக்கும் நுரையும் கடலுக்கேற்ப மாறும். பாலிஎதிலீன் குளிர்ந்த நீரில் நன்கு வளைந்துகொடுக்கும்; வெப்பக் கடலில் அளவுக்கு மீறித் தளரும். நம் நாட்டுக் கடலைப் போன்ற இளஞ்சூடான நீருக்கு விறைப்பு மிகுந்த பாலிபுரொப்பிலீன் பொருந்தும்.

சிறுவர் விளையாட்டுப்பொருள் என எள்ளப்பட்ட இப்பலகையில், ஹவாயைச் சேர்ந்த மைக் ஸ்டூவர்ட் ஒன்பது முறை உலகப் பட்டம் வென்றார். மோரி 2021ஆம் ஆண்டு தமது 86ஆம் அகவையில் மறைந்தார்.

பெற்றோர்களே, பிள்ளைக்குப் பலகை வாங்கும்போது நிறத்தை நோக்காதீர். நிமிர்த்தி நிறுத்தினால் பிள்ளையின் தொப்புள் உயரத்தை ஒட்டி இருத்தல் நன்று. மறவாதீர்: பலகை உயிர்காப்பு மிதவையாகாது, பெரியவர் துணையின்றிக் கடலில் இறங்கவிடலாகாது.

மறுவாரம் அம்மாணவனை அழைத்து, "நான் சொன்னது பிழை, அந்தப் பிறை அலையைப் பற்றிக்கொள்வதற்காக" என்றேன். உடனே அவன், "அப்படியானால் மூக்கு ஏன் வளைந்திருக்கிறது?" என்று கேட்டான். இம்முறை என்னிடம் விடை இருந்தது. ஆயினும் அதைச் சொல்லவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டி, "அலை எப்படி வரும், வரைந்து காட்டு பார்ப்போம்" என்றேன்.