நைட்ரிக் ஆக்சைடு: புற்றுநோய் செல்லுக்கு நண்பனா, எதிரியா?

நீங்கள் ஜிம்முக்குப் போகிறவர் என்றால், 'நைட்ரிக் ஆக்சைடு பூஸ்டர்' என்று எழுதிய பவுடர் டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். இந்த வாயு புற்றுநோயை அழிக்கும் என்கிறார்கள் சிலர். இல்லை, வளர்க்கும் என்கிறார்கள் வேறு சிலர். ரெண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

அது என்ன வாயு?

ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்ளோதான். எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நம் செல்களே இதைத் தயாரிக்கின்றன. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரியச் செய்வது இதன் முக்கிய வேலை. இந்தக் கண்டுபிடிப்புக்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுநோய் செல்லுக்குள் என்ன செய்கிறது?

செல்லுக்கு ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா. அங்கே சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற என்சைமில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை நைட்ரிக் ஆக்சைடு பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாத செல், குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக உடைத்துச் சமாளிக்கும். சாதாரண செல்லுக்கு இது நெருக்கடி. ஆனால் பல புற்றுநோய் செல்களுக்கு இது பழகிய வழி. ஆக்சிஜன் இருந்தாலும் அவை குளுக்கோஸை இப்படி உடைப்பதை ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கவனித்தார்.

அப்போ இது எதிரிதானா?

அளவைப் பொறுத்தது. குறைவாக இருந்தால், கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் முளைக்கவும் செல் தப்பிப் பிழைக்கவும் உதவும். மிக அதிகமானால் டிஎன்ஏ சிதைந்து செல் சாகும். நம் நோய் எதிர்ப்புப் படையான மேக்ரோபேஜ்கள் புற்றுநோய் செல்களைத் தாக்க இதையே ஆயுதமாக்குகின்றன. புற்றுநோயின் வகையும், வாயு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் முடிவை மாற்றும்.

மருந்தாக்க முடியுமா?

இரண்டு திசையிலும் முயன்றிருக்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைடைத் தரும் நைட்ரோகிளிசரின், பழைய நெஞ்சுவலி மருந்து. கீமோதெரபியுடன் அதன் பேட்ச்சை ஒட்டியபோது அதிகம் பேருக்குக் கட்டி சுருங்கியதாக, நுரையீரல் புற்றுநோயாளிகள் 120 பேரிடம் நடந்த ஜப்பான் ஆய்வு 2006-ல் சொன்னது. பின்னர் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. மாறாக, நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை டிரிப்பிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோயாளிகள் 35 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2021-ல் வெளியானது. நம்பிக்கை தரும் தொடக்கம். ஆனால் சிறிய ஆய்வு.

சரி, அந்த பவுடர்?

அதில் பெரும்பாலும் இருப்பது ஆர்ஜினின் அல்லது சிட்ருலின். ரத்த ஓட்டத்துக்காக விற்கிறார்கள். புற்றுநோய்க்கு மருந்து என்று நினைத்து வாங்காதீர்கள். வீட்டில் யாராவது புற்றுநோய் சிகிச்சையில் இருந்தால், இந்த மாதிரி பவுடரோ மாத்திரையோ கொடுப்பதற்கு முன் அவர்களின் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். எந்த அளவு உதவும், எந்த அளவு கெடுக்கும் என்பது டப்பாவின் லேபிளில் இருக்காது.